ஸ்கிராட்ச், மிக்ஸ் இரண்டுக்கும் ஒரே கார்ட்ரிட்ஜ் போதுமா?

இசைத்தட்டுகளை மிக்ஸ் செய்யவும் (ஒரு பாட்டை இன்னொன்றோடு இணைக்கவும்) ஸ்கிராட்ச் செய்யவும் (தட்டைக் கையால் முன்னும் பின்னும் அசைத்து ஒலியெழுப்பவும்), ஊசியைத் தாங்கி அதன் அதிர்வை மின்சமிக்ஞையாக்கும் கார்ட்ரிட்ஜ் ஒன்றையே வைத்துக்கொள்ளலாமா, அப்படியானால் எதைப் பார்த்து வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக வைத்துக்கொள்ளலாம், ஆனால் அது ஸ்கிராட்ச்சைத் தாங்கக்கூடியதாக இருக்க வேண்டும். அத்தகைய கார்ட்ரிட்ஜில் மிக்ஸ் செய்தால் உச்ச ஒலிகளின் நுணுக்கம் சற்றுக் குறையும், அவ்வளவுதான். அமர்ந்து கேட்பதற்கென்று செய்யப்பட்ட மென்மையான கார்ட்ரிட்ஜில் ஸ்கிராட்ச் செய்தாலோ ஊசி பள்ளத்தை விட்டுத் துள்ளும். ஊசியைத் தாங்கும் மெல்லிய தண்டான கேண்டிலீவரே வளைந்துபோகவும் கூடும்.

காரணம் எளிது. கேண்டிலீவர் சாய்வாக அமைந்திருக்கும்; தட்டு முன்னோக்கிச் சுழலும்போது ஊசி அதன் பின்னால் இழுபட்டபடி செல்லும். கையால் தட்டைப் பின்னோக்கி இழுக்கும்போது அதே ஊசி சாய்வுக்கு எதிராகத் தள்ளப்படுகிறது. துடைப்பத்தை இழுத்துப் பெருக்குவதற்கும் குச்சிகளின் நுனிக்கு எதிராக முட்டித் தள்ளுவதற்கும் உள்ள வேறுபாடுதான் இது. எனவே ஸ்கிராட்ச்சுக்கான கார்ட்ரிட்ஜ்களில் கேண்டிலீவர் தடிமனாகவும், அதைப் பிடித்திருக்கும் ரப்பர் இறுக்கமாகவும் இருக்கும். ஊசியின் அழுத்தமும் கூடுதலாக வைக்கப்படும். வீட்டில் கேட்பதற்கான பல கார்ட்ரிட்ஜ்கள் 2 கிராம் அளவில் இயங்க, ஆர்டோஃபோன் நிறுவனத்தின் கான்கார்டு கார்ட்ரிட்ஜ் வரிசையில் மிக்ஸ் மாதிரிக்கு 3 கிராமும் ஸ்கிராட்ச் மாதிரிக்கு 4 கிராமும் பரிந்துரைக்கப்படுகின்றன.

ஊசி முனையின் வடிவத்தில் எனக்குத் தயக்கமே இல்லை: உருண்டை முனையே வேண்டும். நீள்வட்ட முனை பள்ளத்தின் நுண்ணிய நெளிவுகளை நன்றாகப் படிக்கும். குறிப்பாகத் தட்டின் மையத்தை நெருங்கும்போது உச்ச ஒலிகள் சிதையாமல் இருக்கும். ஆனால் அது பள்ளத்தின் சுவரைத் தொடும் பரப்பு குறுகலானது. அதே எடையை அந்தக் குறுகிய பரப்பில் சுமத்தி, ஒரே ஒரு தாள அடியின் மேல் முன்னும் பின்னுமாகத் தேய்த்தால் அந்த இடம் விரைவிலேயே இரைச்சலாகிவிடும். உருண்டை முனையும் தேய்க்கத்தான் செய்யும், ஆனால் மெதுவாக. மிக்ஸ் மட்டுமே செய்பவர் நீள்வட்ட முனையை வாங்கினால் நான் குறை சொல்லமாட்டேன்.

அடுத்தது வெளியீடு, அதாவது கார்ட்ரிட்ஜ் தரும் மின்சமிக்ஞையின் வலு. ஆர்டோஃபோன் மிக்ஸ் ஏறத்தாழ 6 மில்லிவோல்ட் தரும். ஸ்கிராட்ச் 10 மில்லிவோல்ட் தரும். ஸ்கிராட்ச் செய்பவர்களின் செல்லப் பிள்ளையாக நெடுங்காலம் இருந்த ஷ்யூர் எம்44-7 தருவது 9.5 மில்லிவோல்ட். வெளியீடு கூடினால் ஒலி தடித்து முன்னே வந்து நிற்கும். ஆயினும் சில மிக்சர்களில் டர்ன்டேபிளை இணைக்கும் ஃபோனோ உள்ளீடு அவ்வளவு வலுவான சமிக்ஞையைத் தாங்காமல் கரகரக்கும் என்பதால், மிக்சரில் அந்தச் சமிக்ஞையைப் பெருக்கும் அளவான கெயினைக் குறைத்து வைத்துத் தொடங்குங்கள். இரண்டு டர்ன்டேபிள்களிலும் ஒரே மாதிரியைப் பொருத்துவதும் முக்கியம். இல்லாவிட்டால் ஒரு பாட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் ஒவ்வொரு முறையும் ஒலி அளவையும் தொனியையும் சரிசெய்வதிலேயே கவனம் போய்விடும்.

எம்44-7 பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஷ்யூர் நிறுவனம் 2018இல் கார்ட்ரிட்ஜ் தயாரிப்பையே நிறுத்திவிட்டது. பழைய கையிருப்பைத் தேடி அலைவதை நான் ஊக்குவிப்பதில்லை, ஏனெனில் பயன்படுத்தாமலே வைத்திருந்தாலும் உள்ளே இருக்கும் ரப்பர் வயதாகி இறுகிவிடலாம். உடல் மட்டும் உங்களிடம் நல்ல நிலையில் இருந்தால், ஜப்பானின் ஜிகோ நிறுவனம் அதற்குப் பொருந்தும் மாற்று ஊசிகளைச் செய்கிறது. கான்கார்டு போன்றவை ஹெட்ஷெல்லும் (கார்ட்ரிட்ஜைப் பொருத்தும் தலைப்பகுதி) கார்ட்ரிட்ஜும் ஒரே துண்டாக வருபவை. டர்ன்டேபிளின் கையான டோன் ஆர்மில் நேரே செருகினால் வேலை முடிந்தது, கோணம் மாறாது. எம்44-7 வகைக்கு ஹெட்ஷெல், இரண்டு திருகுகள், நான்கு வண்ணக் கம்பிகள் எல்லாம் தேவை: வெள்ளையும் நீலமும் இடப்பக்கத்துக்கு, சிவப்பும் பச்சையும் வலப்பக்கத்துக்கு. சிரமம்தான், ஆனால் கோணத்தையும் எடையையும் கைக்கேற்ப மாற்றிக்கொள்ள முடியும்.

ஊசி துள்ளினால் உடனே கார்ட்ரிட்ஜைப் பழிக்க வேண்டாம். டர்ன்டேபிளின் ஆன்டி-ஸ்கேட் அமைப்பு பூஜ்யத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தட்டு முன்னோக்கிச் சுழலும்போது டோன் ஆர்ம் மையத்தை நோக்கி இழுபடுவதால், அதை வெளிப்பக்கம் இழுத்து ஈடுசெய்யவே அந்த அமைப்பு இருக்கிறது. தட்டைப் பின்னோக்கி இழுக்கும்போது அந்த விசையே திசைமாறி வெளிப்பக்கம் தள்ளும், ஆன்டி-ஸ்கேட்டும் அதனுடன் சேர்ந்துகொள்ளும். பிறகு தட்டுக்கு அடியில் இருக்கும் வழுக்கு விரிப்பான ஸ்லிப்மேட் தடையின்றி வழுக்குகிறதா, டோன் ஆர்ம் தட்டுக்கு இணையாக நிற்கிறதா, ஊசி முனையில் பஞ்சுபோல் தூசி திரண்டிருக்கிறதா என்று பாருங்கள். ஹெட்ஷெல்லின் மேல் நாணயம் ஒட்டும் பழக்கத்தை மட்டும் தொடங்காதீர்கள். அது தட்டையும் ஊசியையும் சேர்த்தே தின்னும்.

கணினியை இயக்கும் டைம்கோடு தட்டுகளை மட்டுமே பயன்படுத்துவதானால் இந்தக் கணக்குகளில் பாதி தளர்ந்துவிடும். அங்கே ஊசி பாட்டைப் படிப்பதில்லை, ஒரு சீரான தொனியிலிருந்து வேகத்தையும் திசையையும் இடத்தையும்தான் படிக்கிறது. பள்ளத்தை விடாமல் பிடித்திருந்து, இரு பக்கமும் சமமான சமிக்ஞையைத் தந்தால் போதும்.

நீங்கள் பெரும்பாலும் மிக்ஸ் செய்து நடுநடுவே ஸ்கிராட்ச் செய்பவர் என்றால் கான்கார்டு மிக்ஸ் போன்ற உருண்டை முனையும், பயிற்சி நேரத்தில் பாதிக்கு மேல் ஸ்கிராட்ச் என்றால் ஸ்கிராட்ச் மாதிரியும் என் தேர்வு. வாங்குமுன் மாற்று ஊசி தனியாகக் கிடைக்கிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள், ஏனெனில் கார்ட்ரிட்ஜின் உடல் பல ஆண்டுகள் இருக்கும், ஊசி இருக்காது. நன்கு தெரிந்த பாட்டில் “ச”, “ஸ்” போன்ற ஓசைகள் முன்பில்லாதவாறு சீறத் தொடங்கினால், தட்டைத் துடைத்த பின்னும் அது குறையாவிட்டால், ஊசியை மாற்றிவிடுங்கள்.