தக்காளி வாடல்: பெயர் மாறியிருக்கிறது, நோயும் மாறியதா?

கேள்வி: காய்ப்புத் தொடங்கும் வேளையில் என் தக்காளிச் செடிகள் பச்சையாகவே வாடிச் சாய்கின்றன. 2012இல் ஆய்வகம் 'ரால்ஸ்டோனியா சொலனேசியாரம்' என்றது. இப்போது 'ரால்ஸ்டோனியா சூடோசொலனேசியாரம்' என்கிறது. வயலுக்குள் புதிய நோய் வந்துவிட்டதா?

பதில்: பெரும்பாலும் இல்லை. அதுவரை ஓரினமாகக் கருதப்பட்ட இந்த வாடல் பாக்டீரியாவை 2014இல் மூன்று இனங்களாகப் பிரித்தார்கள். இக்கிருமிகள் மரபணு ஒற்றுமைப்படி ஃபைலோடைப் என்னும் நான்கு கிளைகளாக வகுக்கப்படுகின்றன. அதில் ஃபைலோடைப் இரண்டு மட்டும் பழைய பெயரைத் தக்கவைத்துக்கொள்ள, ஒன்றும் மூன்றும் சூடோசொலனேசியாரம் ஆயின, நான்கு சிசிஜி ஆனது. எனவே, 2012இல் இதே கிருமியைப் பழைய பெயரில்தான் குறித்திருக்க முடியும்.

வெட்டிய தண்டைக் கண்ணாடித் தம்ளர் நீரில் நிறுத்தினால் பால்போல் நூல் நூலாக இறங்கும் கசிவை வைத்து நோயை அறியலாமே தவிர, இனத்தைப் பிரிக்க முடியாது. அதற்கு மரபணுச் சோதனைதான் வழி. பி.சி.ஆர். (டி.என்.ஏ.யின் குறிப்பிட்ட துண்டைப் பெருக்கும் முறை) செய்து, துண்டுகளை நீளப்படி பிரிக்கும் ஜெல்லில் ஓட்டும்போது இக்குழுவின் எல்லாக் கிருமிகளுக்கும் 280 கார இணை (டி.என்.ஏ. நீளத்தின் அலகு) அளவில் ஒரு பட்டை தெரியும். அதனுடன் 144இல் பட்டை வந்தால் ஃபைலோடைப் ஒன்று, 372 என்றால் இரண்டு, 91 என்றால் மூன்று, 213 என்றால் நான்கு. அறிக்கையில் இந்த எண் இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். பெயரைவிட அதுவே பயன்படும்.

ஒரே ஃபைலோடைப்புக்குள்ளும் அன்றைய கிருமியும் இன்றையதும் ஒன்றுதானா என்று அறிய மரபணு ரேகைச் சோதனை வேண்டும். பாக்டீரியாவின் டி.என்.ஏ.யில் ஆங்காங்கே திரும்பத் திரும்ப வரும் சிறு வரிசைகளுக்கு இடைப்பட்ட துண்டுகளைப் பெருக்கினால், பல பட்டைகள் கொண்ட ஒரு கோலம் கிடைக்கும். வேறு எந்த டி.என்.ஏ. கலந்தாலும் கோலம் குழம்பும் என்பதால், அந்தக் கிருமியை மட்டும் ஆய்வகத்தில் தனியே வளர்த்தெடுத்த தூய வளர்ப்பில் மட்டுமே இதைச் செய்ய வேண்டும். இரண்டு கிருமிகளையும் ஒரே ஜெல்லில் அருகருகே ஓட்டினால்தான் ஒப்பிடவும் முடியும். ஆகவே, 2012இன் வளர்ப்பை ஆய்வகம் பாதுகாத்து வைத்திருந்தால் மட்டும் இச்சோதனைக்குச் செலவிடுங்கள்.

எந்த இனமாயினும், வாடிய இடத்திலிருந்து பாசன நீர் மற்ற வரிசைகளுக்கு ஓடாமல் தடுப்பதும், அந்நிலத்தில் கத்தரி, மிளகாய், உருளையைத் தவிர்ப்பதும் மாறாது. ஆனால் ஒட்டுச்செடி வாங்குவதாக இருந்தால், ஒட்டின் வேர்ப்பகுதியாக அமையும் அடிச்செடியின் எதிர்ப்புத்திறன் கிருமி வகைக்கேற்ப வேறுபடும் என்பதால், உங்கள் ஃபைலோடைப்பைச் சொல்லி அதற்குச் சோதிக்கப்பட்டதா என்று நாற்றங்காலில் விசாரியுங்கள்.