டபுள்-ஏ லீக்கில் பேட் வீசினால் பந்தை அரிதாகவே தவறவிடும் செகண்ட் பேஸ்மேன் மேஜர் லீக் போவாரா?

நீங்கள் கேட்டிருக்கும் பேஸ்பால் ஆட்டக்காரருக்கு 23 வயது. மேஜர் லீக்குக்கு இரண்டு படி கீழே உள்ள டபுள்-ஏ மட்டத்தில் செகண்ட் பேஸ் என்ற ஃபீல்டிங் இடத்தில் ஆடுகிறார். பேட்டிங் சராசரி 0.300-க்கு மேல், அதாவது பத்துக்கு மூன்று தடவைக்கு மேல் ஹிட். நூறு தடவை பேட் பிடித்தால் எட்டு ஒன்பது தடவைதான் ஸ்ட்ரைக் அவுட், அதாவது மூன்று ஸ்ட்ரைக் வாங்கி அவுட். ஆனால் சீசன் முழுக்க ஹோம் ரன் (பந்து சுவரைத் தாண்டும் அடி) இரண்டே இரண்டு. இவர் மேலே போவாரா என்பது கேள்வி.

போவார் என்றுதான் நினைக்கிறேன். போன இடத்தில் நிலைப்பாரா என்பதை மட்டும் இந்த எண்களை வைத்துச் சொல்ல முடியாது.

நான் இருப்பது வடக்கு கரோலினாவில், டர்ஹம் பக்கம். இங்குள்ள டர்ஹம் புல்ஸ், டாம்பா பே ரேஸ் என்ற மேஜர் லீக் அணிக்கு ஒரு படி கீழே உள்ள டிரிபிள்-ஏ அணி. வார நாள் ஆட்டம் என்றால் பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்குப் பின்னாலேயே இடம் கிடைக்கும். ஒரு நாள், வந்த அணியில் உங்கள் ஆள் மாதிரியே ஒரு பொடியன். இரண்டு ஸ்ட்ரைக் ஆகிவிட்டது. அதற்குப் பிறகு வந்த ஐந்து பந்துகளையும் ஒவ்வொன்றாக ஃபவுலுக்கு, அதாவது கோட்டுக்கு வெளியே, தட்டிவிட்டான்; அப்படித் தட்டினால் மூன்றாவது ஸ்ட்ரைக் ஆகாது. பிட்சர் எரிச்சலில் தொப்பியைக் கழற்றி மாட்டிக்கொண்டார். ஆறாவது பந்து செகண்ட், தேர்ட் பேஸ்களுக்கு நடுவே நிற்கும் ஷார்ட்ஸ்டாப்பிடம் மெதுவாக உருண்டது. அவுட். எதிரணி ஆள் என்றாலும் எங்கள் வரிசையில் சிலர் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். அப்புறம்தான் அவுட்ஃபீல்டைக் கவனித்தேன். முந்தைய பேட்டருக்குச் சுவரை ஒட்டி நின்ற மூன்று பேரும் இவனுக்குப் பத்தடிக்கு மேல் முன்னால் வந்து நின்றிருந்தார்கள்.

இந்தப் பத்தடிதான் விஷயமே. இவரைப் போன்றவர்களுக்குக் கிடைக்கும் சிங்கிள்களில் (ஒரு பேஸ் மட்டும் ஓடக் கிடைக்கும் அடிகள்) பல, இன்ஃபீல்டர் தலைக்கு மேல் போய் அவுட்ஃபீல்டருக்கு முன்னால் விழும் பந்துகள். அவர்கள் முன்னால் வந்து நின்றுவிட்டால் அதெல்லாம் கேட்ச். தலைக்கு மேல் தூக்கி அடித்தால்தான் அவர்கள் பயந்து பின்னால் போவார்கள். அவன் அடிக்க மாட்டான் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பிட்சருக்கும் தெரியும். அதனால் பயமில்லாமல் பேட்டருக்கு எட்டும் ஸ்ட்ரைக் ஸோனின் நடுவிலேயே வீசுவார். கீழ் லீக்குகளில் கட்டுப்பாடு இல்லாத பிட்சர்கள் அள்ளிக் கொடுத்த வாக் (walk: ஸோனுக்கு வெளியே நாலு பந்து போட்டால் பேட்டருக்குச் சும்மா கிடைக்கும் முதல் பேஸ்) எல்லாம் மேலே போகப் போக வற்றிவிடும். சராசரியை மட்டும் பார்க்கிறவர்களுக்கு இது தெரியாது.

இன்னொரு சிக்கலும் உண்டு, அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. எந்தப் பந்தையும் தொட முடிகிறவனுக்கு எந்தப் பந்தையும் விட மனசு வராது. வளைந்து வெளியே போகும் ஸ்லைடர் பந்துக்குச் சாதாரண பேட்டர் பேட்டை வீசினால் தவறிவிடும், ஒரு ஸ்ட்ரைக் போகும், அடுத்த பந்தைப் பார்த்துக்கொள்ளலாம். இவர் அதையும் தொட்டுவிடுவார், செகண்ட் பேஸுக்கு ஒரு செத்த உருட்டு, ஆள் அவுட். கிரிக்கெட்டில் ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போவதை விடத் தெரியாமல் கட்டை போட்டு அவுட் ஆகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள், அதே கதை.

உங்கள் ஆள் மாதிரியே இருந்த நிக் மேட்ரிகல் விஷயத்தில் நான் ஏமாந்தேன். 2018 டிராஃப்டில் (புது ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்து எடுப்பது) ஒயிட் சாக்ஸ் அணி மொத்தத்தில் நான்காவது ஆளாக எடுத்தவர். 2019-ல் மேஜர் லீக்குக்குக் கீழே உள்ள மைனர் லீக்கின் மூன்று மட்டங்களில் 120 ஆட்டம் ஆடி 16 தடவைதான் ஸ்ட்ரைக் அவுட் ஆனார். பதினாறு! 2020-ல் மேஜர் லீக் வந்து 29 ஆட்டங்களில் 0.340. இனி பத்து வருடத்துக்கு இவர்தான் என்று நண்பர்களிடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். 2021-ல் தொடைப் பின்தசை கிழிந்தது, அந்த ஜூலையிலேயே கப்ஸ் அணிக்கு டிரேட். அங்கே அந்தப் பழைய மேட்ரிகலைக் காணவே இல்லை. காயம் ஒரு காரணம். உருட்டு அடிக்கிறவருக்குக் கால் போனால் பாதி ஹிட்டும் போய்விடும் என்பது இன்னொன்று.

அதே ரகத்தில் லூயிஸ் அராயஸைப் பாருங்கள். வெனிசுவேலாக்காரர். 2017-ல் முழங்கால் தசைநார் கிழிந்து கிட்டத்தட்ட அந்த சீசனே போனது. 2019-ல் ட்வின்ஸுக்கு வந்து 0.334 அடித்தார். 2022-ல் ட்வின்ஸ், 2023-ல் மார்லின்ஸ், 2024-ல் பாட்ரேஸ் என மூன்று வருடம் மூன்று அணிகளுக்கு ஆடி மூன்று முறையும் பேட்டிங் பட்டம் (லீக்கிலேயே அதிகச் சராசரிக்குக் கிடைப்பது). இத்தனைக்கும் மேஜர் லீக்கிலேயே மிக மெதுவாக பேட் வீசுகிறவர்களில் ஒருவர். ஆனால் பந்து பேட்டின் நடுவில் படும், இன்ஃபீல்டர் கைக்கு எட்டாத உயரத்தில் நேராகப் பறக்கும். ஆகவே பலம் இல்லை என்பதாலேயே ஒருவரைத் தள்ளிவிட முடியாது. பந்து உருள்கிறதா பறக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மெட்ஸ் அணிக்கு வந்த ஜெஃப் மெக்நீல் வேறு வழியில் போனவர். 2013-ல் 12-வது சுற்றில் எடுக்கப்பட்டு, வருடக் கணக்கில் ஹோம் ரன் அபூர்வமான சிங்கிள் பேட்டராகவே மைனர் லீக்கில் கிடந்தார். 2018-ல் திடீரென்று அங்கே 19 ஹோம் ரன் அடித்தார், ஜூலையில் 26 வயதில் மேலே கூப்பிட்டார்கள். 2022-ல் 0.326 அடித்து நேஷனல் லீக் பேட்டிங் பட்டமும் வாங்கினார். உங்கள் ஆளுக்கு 23 தான், இன்னும் நேரம் இருக்கிறது.

சரி, பேட்டிங்கை விடுங்கள், ஷார்ட்ஸ்டாப் ஆடத் தெரியுமா? மேஜர் லீக் அணியில் 26 பேர், அதில் 13 பேர் வரை பிட்சர்கள். தினமும் பேட் பிடிக்கும் ஒன்பது பேர் போனால் பெஞ்சில் நாலு இடம், அதில் ஒன்று மாற்று கேட்சருக்கு. மீதி மூன்று இடத்தில் செகண்ட் பேஸ் மட்டும் ஆடத் தெரிந்தவரை உட்கார வைக்க எந்த மேனேஜருக்கும் மனசு வராது. ஏஞ்சல்ஸில் டேவிட் ஃப்ளெட்சர் இடம் பிடித்தது பந்தைத் தொட்டதால் மட்டும் இல்லை. செகண்ட், தேர்ட், ஷார்ட் மூன்றிலும் நிற்பார்.

ரூல் 5 டிராஃப்ட் என்று டிசம்பரில் ஒன்று நடக்கும். 18 வயதிலோ அதற்கு முன்போ ஒப்பந்தம் ஆனவரை ஐந்து சீசனிலும், அதற்கு மேல் வயதில் வந்தவரை நான்கு சீசனிலும் மேஜர் லீக் அணியின் 40 பேர் பட்டியலில் சேர்க்காவிட்டால் இன்னொரு அணி தூக்கிக்கொள்ளலாம், ஆனால் அவரை அடுத்த சீசன் முழுக்க மேஜர் லீக் அணியிலேயே வைத்திருக்க வேண்டும். பெஞ்சில் வைத்துக்கொள்ள ஷார்ட்ஸ்டாப் தெரிந்தவர்தான் வசதி. பண வித்தியாசமும் சும்மா இல்லை: 2023-ல் டிரிபிள்-ஏ குறைந்தபட்ச சம்பளம் வருடத்துக்கு 35,800 டாலர், மேஜர் லீக்கில் 7,20,000.

என் கணக்கு: ஷார்ட்ஸ்டாப் ஓரளவு ஆடினாலே இரண்டு வருடத்தில் மேலே ஒரு நாற்காலி உண்டு. செகண்ட் பேஸ் மட்டும்தான் என்றால், வருடத்துக்கு முப்பது டபுளாவது (இரண்டு பேஸ் ஓடக் கிடைக்கும் அடி) அடித்தாக வேண்டும். ஒரு ஆட்டத்துக்கு நேரில் போங்கள், டிவியில் அவுட்ஃபீல்ட் முழுசாகத் தெரியாது. அவர் பேட் பிடிக்க வரும்போது பிட்சரைப் பார்க்காமல் சென்டர் ஃபீல்டர் முன்னால் வருகிறாரா, பின்னால் போகிறாரா என்று பார்த்துவிட்டு வந்து எனக்கும் சொல்லுங்கள்.