இரண்டு மருந்துக்கும் அடங்காத வலிப்பு

கேள்வி: 26 வயதான என் தம்பிக்கு முதலில் கார்பமசெபின், பிறகு லெவெடிராசெட்டம் கொடுத்தும் வலிப்பு நிற்கவில்லை. மாத்திரை உடம்புக்குப் பழகிவிட்டதா?
– வாசகி, ஆயர் ஈத்தாம், பினாங்கு

பதில்: அன்புச் சகோதரி, பழகிப்போவது குளோபசாம் போன்ற சில மருந்துகளில் நிகழக்கூடியதே, ஆயினும் தங்கள் தம்பியின் நிலைக்கு அதைக் காரணமாகச் சொல்வதற்கில்லை. பொருத்தமாகத் தேர்ந்து, போதிய அளவில் கொடுத்த இரண்டு மருந்துகளும் பலனளிக்காவிட்டால், அதை மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு என்று அனைத்துலக வலிப்புநோய் எதிர்ப்புக் கழகம் 2010-இல் வரையறுத்தது. நோயாளிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் இந்நிலையில் இருக்கிறார்.

மூளையின் இரத்தக்குழாய்ச் சுவரிலுள்ள பி-கிளைக்கோபுரதம், உள்ளே நுழையும் மருந்தைத் திருப்பி வெளியே தள்ளிவிடுகிறது என்பது ஒரு விளக்கம். அது இன்னும் கருதுகோளாகவே உள்ளது. எனவே, முதலில் வேறு ஐயங்களைக் களைய வேண்டும்: வேளை தவறுகிறதா, அளவு போதுமா, வருவது உண்மையிலேயே வலிப்புதானா? கார்பமசெபினோ, சிலவகை வலிப்புகளை அதிகமாக்கவும் கூடும். ஆகவே அடுத்த முறை வலிப்பு வரும்போது, தலை எப்பக்கம் திரும்புகிறது, எந்தக் கை முதலில் இழுக்கிறது என்பது தெரியும்படி கைப்பேசியில் பதிவு செய்து நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

மூன்றாவது மருந்தால் முற்றிலும் குணமடைவோர் சிலரே என்பதால், அறுவை சிகிச்சைக்கு வாய்ப்புண்டா என்பதை இப்போதே கேட்பது நல்லது. கோலாலம்பூரில் அவ்வசதி உள்ளது. அதுவரை எந்த மாத்திரையையும் தாமாகத் திடீரென நிறுத்த வேண்டாம்.