குட்டையில் பொரித்த இறால் குஞ்சுகள் எங்கே போயின?

கேள்வி: வாழப்பாடிப் பக்கம் 30 மீட்டருக்கு 30 மீட்டர் பண்ணைக்குட்டையில், ஒன்றரை மீட்டர் தண்ணீரில் கட்லாவோடு நன்னீர் இறால் விட்டிருக்கிறேன். சினை இறால் ஒன்று குஞ்சு பொரித்தது. ராத்திரி டார்ச் அடித்தால் தூசி தூசியாக வெளிச்சத்துக்கு வந்தன. ஐந்தாம் நாள் ஒன்றையும் காணோம். நண்டு மாதிரி சேற்றில் வளை தோண்டிப் புகுந்திருக்கும், வளர்ந்ததும் வெளியே வரும் என்கிறார் பக்கத்துத் தோட்டத்துக்காரர். அடுத்த முறை கல் உப்புக் கொட்டு என்கிறார் என் அண்ணன். எது சரி ஐயா?

பதில்: வணக்கம் அம்மா. வருத்தமான செய்திதான், குஞ்சுகள் சேற்றுக்குள் போகவில்லை, இறந்துவிட்டன. இதில் உங்கள் பராமரிப்பின் குறை எதுவும் இல்லை.

வளை தோண்டும் இறால் கடலோரச் சேற்றில் உண்டு. ஆனால் அவற்றில் பலவற்றின் குஞ்சுகளும் பொரித்தவுடன் மண்ணைத் தொடுவதில்லை. வாரக்கணக்கில் கடல்நீரில் மிதந்து, தோலுரித்து உருமாறி, அதன்பிறகே அடியில் இறங்கி இடம் பார்த்துத் தோண்டும். நீங்கள் வளர்ப்பது வளை தோண்டும் இனமே அல்ல.

உங்கள் இறால் வளர்வது ஆற்றில். அதன் முதல் மாதம் மட்டும் கழிமுகத்தில். சினை இறால் ஆற்றோடு கீழே இறங்கி, உப்பும் நன்னீரும் கலக்கும் இடத்தில் பொரிக்கும். ஆத்தூர் வழியாக ஓடும் வசிஷ்ட நதி வெள்ளாற்றில் சேர்ந்து பரங்கிப்பேட்டையில் கடலைத் தொடுகிறது அல்லவா? உங்கள் குஞ்சுகளுக்கு வேண்டியிருந்தது அந்த முகத்துவாரத்துத் தண்ணீர். வெறும் நன்னீரில் அவை சில நாட்களுக்கு மேல் தாங்காது. விவரம் தெரியாமல் ஆராய்ச்சியாளர்களும் திணறியிருக்கிறார்கள். 1960களின் தொடக்கத்தில் மலேசியாவின் பினாங்கில் ஷாவ்-வென் லிங் என்பவர்தான் குஞ்சுக்கு உப்பு வேண்டும் என்று கண்டுபிடித்தார்.

பொரிப்பகத்தில் அந்த முதல் மாதத்தை ஒருமுறையாவது பார்க்க வேண்டும். பொரித்த குஞ்சு 2 மில்லிமீட்டர்கூட இருக்காது. தலைகீழாக, வயிறு மேலே இருக்க, வால் பக்கமாகப் பின்னோக்கி நீந்தும். நிறுத்தாமல் தின்னும், ஆர்ட்டீமியா என்ற நுண்ணிய உப்புநீர் உயிரியைத்தான் கொடுப்பார்கள். 11 பருவங்கள் கடந்து, சுமார் ஒரு மாதத்தில் உருமாறும். அப்போது 7, 8 மில்லிமீட்டர் இருக்கும். நேற்றுவரை மிதந்தது இன்று நிமிர்ந்து முன்னோக்கி நீந்தும், தொட்டிச் சுவரைப் பற்றிக்கொள்ளும், தரையில் நடக்கும். ஆற்றில் என்றால் அந்தப் பொடிசு ஈரப்பாறையில் ஊர்ந்தும் ஏறி, நீரோட்டத்தை எதிர்த்து மேலே வந்துவிடும்! இந்த நிலையிலிருந்துதான் அது நன்னீரில் பிழைக்கும்.

இனி உப்புக்கு வருகிறேன். தயவுசெய்து கொட்டாதீர்கள். குஞ்சு வளர்க்க லிட்டருக்குச் சுமார் 12 கிராம் உப்புத்தன்மை வேண்டும். உங்கள் குட்டையில் 13.5 லட்சம் லிட்டர் தண்ணீர் இருக்கிறது. கணக்குப் போட்டால் 16 டன்னுக்கு மேல், அதாவது 50 கிலோ மூட்டையாக 324 மூட்டை. அத்தனையும் போட்டாலும் கடல்நீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் போதுமான அளவில் கல் உப்பில் கிடைக்காது. அந்தத் தண்ணீரை மரவள்ளிக்குப் பாய்ச்சினால் நிலம் கெட்டுவிடும். ஒன்றிரண்டு மூட்டை போடுவதால் குஞ்சு பிழைக்கவும் செய்யாது.

எனவே உருமாறி, நன்னீருக்குப் பழக்கிய குஞ்சுகளைப் பொரிப்பகத்தில் வாங்கி விடுங்கள். இறால் மட்டும் என்றால் சதுர மீட்டருக்கு இரண்டு, உங்கள் குட்டைக்கு 1,800 போதும். கட்லா இருப்பதால் அதில் பாதி விடுங்கள். வந்த பையை அரை மணி நேரம் குட்டைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, சூடு சமமான பிறகு திறங்கள். தோலுரித்த இறாலை மற்றவை தின்றுவிடும். அதனால் ஒளிந்துகொள்ள உடைந்த ஓடு, தென்னை மட்டை, பழைய வலை போட்டுவையுங்கள். அடியில் மேயும் மிர்காலும் சாதாக் கெண்டையும் வேண்டாம். ஏற்காட்டில் உறவினர் யாராவது ஆசைப்பட்டால் தடுத்துவிடுங்கள். மார்கழி, தை இரவுகளில் மலைக் குட்டை குளிர்ந்துவிடும். இது வெதுவெதுப்பான நீரில் வளரும் உயிர்.

இப்போது குட்டையில் இருக்கும் சினை இறால்களை விற்றுவிடலாம். ஆற்றில் பிடித்திருந்தால் திரும்ப விடச் சொல்லியிருப்பேன். மூடிய குட்டையில் அந்த முட்டைகளுக்கு வழியில்லை. அடுத்த குஞ்சு விடுவதற்கு முன் கிணற்று நீரின் கடினத்தன்மையைச் சோதித்துவிடுங்கள். மிகக் கடினமான நீரில் இறால் வளர்ச்சி குன்றும்.