இருபது கோழியும் ஒரு டீப் பிறீசரும்

வணக்கம் அண்ணா,

மல்லாவியில் இருந்து எழுதுகிறேன். வீட்டுத் தேவைக்கென்று முப்பது புறொயிலர்க் குஞ்சுகள் வளர்த்தோம். நாற்பது நாள் கடந்ததும் ஒரே நாளில் இருபதை வெட்டினோம். காலை எட்டு மணிக்குத் தொடங்கிய வேலை பின்னேரம் வரை இழுபட்டது. உரிக்க உரிக்க சொப்பிங் பையில் போட்டு டீப் பிறீசரில் அடுக்கினோம். அன்றிரவு போன கரண்ட் விடியத்தான் வந்தது. ஒரு கிழமை கழித்து எடுத்துப் பார்த்தால், மேலே இருந்த இறைச்சி எவ்வளவு அவித்தும் கடிக்க முடியவில்லை. நடுவில் இருந்த பைகளில் மணம். ஏழெட்டுக் கோழியைக் குழி வெட்டித் தாட்டோம். அம்மாவுக்கு அன்றைக்குச் சாப்பாடே இறங்கவில்லை. “கரண்டை நம்பாமல் அந்தக் காலம் மாதிரி வத்தல் போட்டிருக்கலாம்” என்கிறா அம்மம்மா. எங்கே பிழைத்தது? மிச்சம் பத்தையும் என்ன செய்வது?

— மல்லாவி வாசகி

அன்புத் தங்கச்சி,

குஞ்சிலிருந்து பார்த்துப் பார்த்து வளர்த்ததைக் குழிக்குள் போடுவது எவ்வளவு வேதனை என்று எனக்குத் தெரியும். அம்மாவின் மனம் விளங்குகிறது. ஆனால் கரண்டில் மட்டும் பழியைப் போட்டால் அடுத்த முறையும் இதுதான் நடக்கும்.

கணக்கைப் பாருங்கள். 2 கிலோ நிறையுள்ள கோழி உரித்துக் குடல் எடுத்தால் 1.4, 1.5 கிலோ தேறும். இருபது கோழி என்றால் 30 கிலோவுக்குக் கிட்ட. உங்கள் பெட்டியின் அளவை நீங்கள் எழுதவில்லை. 200 லீற்றர்ப் பெட்டி ஒன்று ஒரு நாளில் புதிதாக உறைய வைக்கக்கூடியது 6 முதல் 9 கிலோ வரைதான். அதன் மூன்று மடங்கை உடற்சூடு ஆறுவதற்கு முன்னரே அடுக்கியிருக்கிறீர்கள். உயிரோடு இருக்கும் கோழியின் உடற்சூடு 41 பாகை. பையோடு பை ஒட்டி நடுவில் கிடந்த இறைச்சிக்கு அந்தச் சூடு போக வழியே இல்லை. 5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடையில்தான் கிருமி பெருகும். அந்த இடைவெளிக்குள் அது பல மணித்தியாலம் கிடந்திருக்கும். கரண்ட் போகாமல் இருந்திருந்தாலும் நடுவில் இருந்தவை தப்பியிருக்குமா என்பது சந்தேகம்.

மேலே இருந்தவை கடிபடாமல் போனதற்குக் காரணம் வேறு. உயிர் போனபின் கோழியின் தசை சில மணித்தியாலம் விறைத்து நின்று, பிறகுதான் இளகும். விறைப்பு விடுவதற்கு முன் உறைந்துவிட்டால், பிறகு எவ்வளவு அவித்தாலும் அந்த இறுக்கம் முழுதாகப் போகாது. வெட்டிய கோழியை ஓரிரவு குளிரில் வைத்திருந்து அடுத்த நாள் டீப் பிறீசருக்குள் வைக்க வேண்டும். பிரிட்ஜிலோ ஐஸிலோ, உறையாமல். இதை எத்தனையோ வீடுகளில் சொல்லிவிட்டேன். புதிதாக இருக்கும்போதே உறைய வைத்தால்தான் நல்லது என்ற நினைப்பை மாற்றுவது பெரும் பாடு.

அதனால் ஒரு நாளைக்கு எத்தனை கோழி வெட்டலாம் என்பதை, கைவசம் உள்ள ஐஸையும் பெட்டியின் கொள்ளளவையும் வைத்துத் தீர்மானியுங்கள். எத்தனை பேர் உதவிக்கு நிற்கிறார்கள் என்பது அதற்குப் பிறகு. வெட்டிய இறைச்சி நான்கு மணித்தியாலத்துக்குள் 4 பாகைக்கு இறங்க வேண்டும். எங்கள் கிணற்றுத் தண்ணீர் 28, 30 பாகையில் இருக்கிறது. அதில் எவ்வளவு நேரம் ஊறப்போட்டாலும் அதற்குக் கீழே இறங்காது. ஒரு கிலோ இறைச்சிக்குக் குறைந்தது ஒரு கிலோ ஐஸ் வேண்டும், இரண்டு இருந்தால் நிம்மதி. ஒரு கிழமைக்கு முன்பே கொதித்தாறிய தண்ணீரைப் போத்தல்களில் நிரப்பி உறைய வைக்கத் தொடங்குங்கள். முல்லைத்தீவுப் பக்கம் மீனுக்குப் போடும் ஐஸ் வாங்கலாம். ஆனால் அது குடிக்கும் தண்ணீரில் செய்ததென்று உறுதியில்லாவிட்டால் இறைச்சியில் நேரே படவிடாதீர்கள். இறைச்சியைப் பையில் கட்டி, ஐஸைச் சுற்றிப் போடுங்கள். மீன் வியாபாரிகள் வைத்திருக்கும் றெஜிபோம் பெட்டி இதற்கு நன்றாக உதவும். மீன் மணம் போகக் கழுவிக் காயவைத்து எடுத்தால் சரி.

எட்டு மணிக்குத் தொடங்கியதும் சரியில்லை. வன்னி வெயிலில் எட்டு மணி பிந்திய நேரம். முதல் நாள் இரவு எட்டு, ஒன்பது மணிக்குத் தீனியை எடுத்துவிடுங்கள், தண்ணீரை மட்டும் விடுங்கள். எட்டு முதல் பன்னிரண்டு மணித்தியாலம் வெறும் வயிறாக இருந்தால் தீன்பையும் குடலும் காலியாகும், குடல் கிழிந்து இறைச்சியில் அழுக்குப் படுவது குறையும். உமி பரப்பிய கூட்டில் விட்டால் பசியில் உமியையே கொத்தித் தின்னும், அதனால் தரைக்கு இடைவெளி விட்டுத் தடி அடித்த கூட்டுக்கு மாற்றுங்கள். இருட்டோடு பிடித்தால் அவை பதறாது. மருந்து ஏதும் கொடுத்திருந்தால், கொடுத்து எத்தனை நாள் கழித்து இறைச்சிக்கு எடுக்கலாம் என்று கால்நடை வைத்தியரிடம் கேட்டுவிட்டே கத்தியை எடுங்கள்.

வெட்டும்போது கழுத்தைத் திருக வேண்டாம். கழுவிய உரப் பையின் ஒரு மூலையை வெட்டி, மரத்தில் தொங்கவிட்டு, தலை அந்த ஓட்டையால் வெளியே வரும்படி கோழியைத் தலைகீழாக இறக்குங்கள். செட்டை அடிக்க இடமில்லாததால் எலும்பு முறியாது, இறைச்சியில் இரத்தம் கண்டாது. தாடைக்குக் கீழே இரண்டு பக்க இரத்தக் குழாயையும் கூரான கத்தியால் ஒரே இழுவையில் அறுத்து, இரண்டு மூன்று நிமிடம் முழுதாக வடியவிடுங்கள். இரத்தம் தங்கிய இறைச்சி கெதியாகப் பழுதாகும். மொட்டைக் கத்தியோடு இந்த வேலைக்குப் போகவே கூடாது. வளர்த்த உயிருக்கு நாங்கள் கடைசியாகச் செய்ய வேண்டிய கடமை அது.

நீங்கள் இறகைத் தோலோடு சேர்த்து உரித்து எடுத்திருக்கிறீர்கள். அன்றே கறி வைப்பதென்றால் அது சுகமான வழி. பல மாதம் வைக்கப் போகும் கோழிக்குத் தோல் இருப்பது நல்லது, இறைச்சி காய்ந்து வெளிறாமல் அது காக்கும். இறகு பிடுங்க வெப்பமானி தேவையில்லை. கொதித்த தண்ணீர் ஒரு பங்கு, கிணற்றுத் தண்ணீர் ஒரு பங்கு கலந்தால் 60 பாகைக்குச் சற்று மேலே நிற்கும். காலில் பிடித்து முக்கால் நிமிடம் அலைத்து எடுத்து, வால் இறகை இழுத்துப் பாருங்கள். சிரமமில்லாமல் வந்தால் போதும். கொதிக்கக் கொதிக்க முக்கினால் தோல் வெந்து கிழியும்.

குடல் எடுக்கும்போது அவசரம் வேண்டாம். அடிவயிற்றில் கை போகுமளவுக்கு மட்டும் கீறி, கையை நெஞ்செலும்போடு ஒட்டியபடி உள்ளே விட்டு, எல்லாவற்றையும் ஒன்றாக அணைத்து இழுங்கள். ஈரலின் மடிப்பில் சின்ன விரல் நுனியளவில் கடும் பச்சையாகப் பித்தப்பை ஒட்டிக்கொண்டிருக்கும். அதைப் பிடித்து இழுக்காதீர்கள். சுற்றியுள்ள ஈரலில் ஒரு துண்டையும் சேர்த்து வெட்டி எறியுங்கள். அது உடைந்து பச்சைத் தண்ணீர் பட்ட இடம் எவ்வளவு கழுவினாலும் கைக்கும். இறகையும் குடலையும் கிணற்றுக்குத் தூரத்தில் நாய் கிளறாத ஆழத்தில் தாட்டுவிடுங்கள்.

பிறகு ஐஸ் தண்ணீரில் ஒன்றரை, இரண்டு மணித்தியாலம். வடித்து, பையில் இட்டு, ஓரிரவு குளிரில். அடுத்த நாள் ஒரு நேரக் கறிக்கு அளவான துண்டுகளைத் தட்டையாகக் கட்டுங்கள். பையின் வாயை மட்டும் மேலே பிடித்துத் தண்ணீருக்குள் மெல்ல இறக்கினால் காற்று தானாக வெளியேறும். திகதி எழுதி, ஒன்றுக்கொன்று முட்டாமல் பரப்பி வைத்து, கல்லான பிறகு அடுக்குங்கள். சைபருக்குக் கீழே 18 பாகையில் துண்டுகள் ஒன்பது மாதம், முழுக் கோழி ஒரு வருடம் தரம் குறையாமல் இருக்கும். ஈரலை மூன்று நான்கு மாதத்துக்குள் முடித்துவிடுங்கள்.

கரண்ட் போனால் பெட்டியைத் திறக்கவே வேண்டாம். நிறைந்த பெட்டி இரண்டு நாள் தாங்கும், அரைவாசி நிறைந்தது ஒரு நாள் என்பது பொதுக் கணக்கு, எங்கள் வெக்கையில் அதைவிடக் குறைத்தே எண்ணுங்கள். வெற்றிடத்தைத் தண்ணீர்ப் போத்தலால் நிரப்பி வையுங்கள். கோப்பையொன்றில் தண்ணீரை உறைய வைத்து அதன்மேல் ஒரு ரூபாய்க் குற்றியை வையுங்கள். நீங்கள் வீட்டில் இல்லாத நேரம் கரண்ட் போய் வந்திருந்தால், குற்றி அடியில் கிடப்பதே உள்ளே இளகி மறுபடி உறைந்தது என்பதற்குச் சாட்சி.

அம்மம்மா சொன்ன வத்தலை நான் மதிக்கிறேன். உப்பும் மஞ்சளும் பிரட்டி அடுப்புக்கு மேலே புகையில் தொங்கவிட்டுக் காயவைத்த இறைச்சியில் வளர்ந்த ஊர் இது. ஆனால் அவர் நினைக்கிற வத்தல் மானும் மரையும். கொழுப்பில்லாத அந்த இறைச்சியை மெல்லிய கீலமாக வெட்டினால் கெதியாகக் காயும். புறொயிலர்க் கோழி கொழுப்பும் ஈரமும் கூடியது, சல்மொனெல்லாக் கிருமியும் கோழியில் சாதாரணம். வெயில் அதைக் காயவைக்கும் வேகத்தைவிடக் கிருமி பெருகும் வேகம் கூட. பச்சையாக வத்தல் போட வேண்டாம் என்று அம்மம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

அந்தக் காலத்திலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு, அது பங்கு இறைச்சி. போர்க்காலத்தில் பிரிட்ஜும் இல்லை, கரண்டும் இல்லை. ஆடு வெட்டினால் காலையிலேயே வாழையிலையில் பங்கு பிரிந்து, மத்தியானத்துக்கு முன் எல்லா வீட்டு அடுப்பிலும் ஏறிவிடும். ஒரு வீட்டில் இந்தக் கிழமை வெட்டினால் அடுத்த வீட்டில் அடுத்த கிழமை. கோழிக்கும் அதையே செய்யலாம். உங்கள் ஒழுங்கையில் கோழி வளர்க்கும் வீடுகள் இரண்டு மூன்று இருந்தால் கதைத்துப் பாருங்கள். உங்கள் இரண்டு கோழி அவர்களுக்கு, அவர்களுடைய இரண்டு பிறகு உங்களுக்கு. செவ்வாய், வெள்ளியை விட்டு சனி, ஞாயிறில் வையுங்கள். விரதக்கார வீடுகளும் வாங்கும். காசுக்கு விற்பதென்றால் கதை வேறு. முதலில் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் பிரதேச சபையிலும் கேளுங்கள்.

மிச்சம் பத்தையும் இனி வைத்திருக்காதீர்கள். நாள் போகப் போகத் தின்னும் தீனிக்கு ஏற்ற நிறை கூடாது, பாரமான கோழி வெக்கையில் மூச்சு வாங்கியே செத்துப்போகும். இந்தச் சனிக்கிழமை பாரமான ஐந்தை வெட்டி, ஒன்றிரண்டை அயலுக்குக் கொடுங்கள். அடுத்த சனி மற்ற ஐந்து. அடுத்த முறை முப்பது குஞ்சையும் ஒன்றாக எடுக்காமல், பதினைந்து எடுத்து, மூன்று கிழமை கழித்து மற்றப் பதினைந்தை எடுங்கள். 35ஆம் நாளிலிருந்தே பெரியதாகப் பார்த்து நாலைந்தாக வெட்டத் தொடங்கலாம்.