இறுதிச் சுற்றுக்குச் சங்கிலியை அடகு வைக்கலாமா?

கேள்வி: அண்ணாச்சி, நான் முக்கூடல் பக்கத்து ஊரில் பீடி சுற்றுகிறேன். வீட்டுக்காரர் கேரளத்தில் கட்டட வேலை பார்க்கிறார். டிவியில் ஆட்களை நூறு நாள் ஒரே வீட்டில் வைத்து நடத்தும் போட்டியை ஒரு நாள் விடாமல் பார்ப்பேன். இந்த வாரம் யார் வெளியேறுவார் என்று பணம் கட்டும் வாட்ஸ்அப் குழு ஒன்றில் சேர்ந்தேன். முதல் மூன்று வாரமும் அட்மின் சொன்ன ஆளே வெளியேறினார். கட்டிய பணம் கூடி வந்தது. பிறகு மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கென்று மகளிர் குழுவில் வாங்கிய 40,000 ரூபாயையும் கட்டிவிட்டேன். மொத்தம் கட்டியது 52,000. கைக்கு வந்தது 9,000. என் கணக்கில் இன்னும் 11,000 நிற்கிறது. இறுதிச் சுற்றுக்கு 15,000 கட்டினால்தான் அதை எடுக்க முடியுமாம். மிச்சமிருக்கும் நான்கு பேருக்கு, 100 ரூபாய் கட்டி ஜெயித்தால் மொத்தமாகக் கைக்கு 160, 250, 400, 800 என்று ரேட் போட்டிருக்கிறார்கள். யார் ஜெயிப்பார் என்று எனக்கு உறுதியாகத் தெரியும். மூன்று பவுன் சங்கிலியை அடகு வைத்து, ஒரே ஒரு தடவை கட்டி, கடனை அடைத்துவிடலாமா? பெயர் வேண்டாம்.

பதில்: தங்கச்சி, பந்தயத்துக்காக அந்தச் சங்கிலி பெட்டியை விட்டு வெளியே வரக் கூடாது. 15,000 ரூபாயும் கட்டாதீர்கள். காரணத்தைச் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

நிகழ்ச்சி உங்களுக்கு நன்றாகத் தெரியும் என்பதை நம்புகிறேன். என் சித்தியும் பீடி சுற்றியவர். மடியில் சுளகு இருக்கும், கண் வேறெங்கோ இருக்கும். விரல் தானாகவே தூளை வைத்து, இலையை உருட்டி, நூலைச் சுற்றிவிடும். அப்படி மாலை முழுவதும் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு, அந்த வீட்டில் யார் நடிக்கிறார், யார் மனதிலிருந்து பேசுகிறார் என்பது புரியாமல் போகாது. ஆனால் நீங்கள் பணம் கட்டியது அதன்மேல் அல்ல, வாக்கு எண்ணிக்கையின்மேல். அந்த எண்ணிக்கை உங்கள் கண்ணுக்குக் காட்டப்படுவதே இல்லை.

வார இறுதிப் பகுதியை முன்கூட்டியே படமாக்கித் தொகுத்துத்தான் ஒளிபரப்புகிறார்கள். அரங்கில் உட்கார்ந்து கைதட்டியவர்கள், கேமரா பிடித்தவர்கள், தொகுத்தவர்கள் என்று எத்தனையோ பேருக்கு வெளியேறியவர் யார் என்று தெரிந்த பிறகே அது உங்கள் வீட்டுக்கு வருகிறது. பிசான நெல்லை அறுத்து, அடித்து, களத்தில் மூட்டையை எண்ணி முடித்தவர் உங்களிடம் வந்து, இந்த வயல் எத்தனை கோட்டை நெல் காணும் என்று பந்தயம் கேட்டால் கட்டுவீர்களா? இந்தப் பந்தயம் சட்டப்படி நடக்கும் பிரிட்டனிலேயே, முடிவு கசிந்திருக்குமோ என்ற அச்சத்தில் நிறுவனங்கள் பெரிய தொகையை வாங்கத் தயங்குகின்றன. சந்தேகம் வந்தால் பந்தயத்தையே நிறுத்திவிடுகின்றன. உங்கள் அட்மினோ, இன்னும் கட்டு என்கிறார்.

அந்த முதல் மூன்று வெற்றிகளுக்கு வருகிறேன். 800 பேருக்குச் செய்தி அனுப்பும் ஒருவர், பாதிப் பேருக்கு ஒரு பெயரையும் மறுபாதிக்கு இன்னொரு பெயரையும் அனுப்புகிறார் என்று வையுங்கள். 400 பேருக்குச் சரியாக இருக்கும். அடுத்த வாரம் அந்த 400 பேரை இரண்டாகப் பிரித்தால் 200, அதற்கடுத்து 100. அந்த நூறு பேருக்கும் மூன்று வாரமும் பிசகவில்லை என்று தோன்றும். உங்கள் குழுவில் இப்படித்தான் நடந்தது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் மூன்று முறை சரியாகச் சொன்னதால் ஒருவருக்கு உள்ளிருந்து தகவல் வருகிறது என்று நம்பிவிட முடியாது.

அந்த ரேட்டையும் பாருங்கள். நால்வரில் யார் ஜெயித்தாலும் 1,000 ரூபாய் கைக்கு வரவேண்டும் என்றால், முதல் ஆளுக்கு 625, அடுத்தவருக்கு 400, மூன்றாமவருக்கு 250, கடைசி ஆளுக்கு 125 கட்ட வேண்டும். கூட்டினால் 1,400. 1,000 ரூபாயை வாங்க 1,400 கொடுக்கிறீர்கள். யார் ஜெயிப்பார் என்று அறியாமலே 400 ரூபாய் அட்மின் பக்கம் போய்விடும்படிதான் ரேட்டே போட்டிருக்கிறது. ஒழுங்காகப் பணம் தருபவராக இருந்தாலும் இதுதான் கணக்கு.

உங்கள் அட்மினோ தருவதாகவே இல்லை. இருக்கும் பணத்தை எடுக்க இன்னும் பணம் கட்டு என்பது மோசடிக்காரர்கள் வழக்கமாகச் சொல்வது. அந்த 11,000 போனில் தெரியும் வெறும் எண். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 30-ஆவது பிரிவின்படி பந்தய ஒப்பந்தம் செல்லாது. ஜெயித்த பணத்தைக் கேட்டு நீதிமன்றத்துக்குப் போக முடியாது. ஏமாற்றப்பட்டதாக 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் தரலாம். பணம் அனுப்பிய ரசீது, வாட்ஸ்அப் செய்தி எதையும் அழிக்காதீர்கள். இதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டுச் சட்டப்படி, இணையச் சூதாட்டத்தில் பணம் கட்டுபவருக்கும் 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே உண்டு. அதனால் புகாருக்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் பேசிவிடுங்கள்.

இனி கடன். வரும் மகளிர் குழுக் கூட்டத்துக்கு முன்பே தலைவியைத் தனியாகப் பார்த்து நடந்ததைச் சொல்லுங்கள். சுடத்தான் செய்யும். ஆனால் தவணை தவறிய பிறகு தெரிந்தால், உங்களை நம்பிக் கையெழுத்துப் போட்டவர்கள் முகத்தில் எப்படி விழிப்பீர்கள்? இப்போதே சொன்னால் தவணையைச் சிறிதாக்கி, மாதத்தைக் கூட்டித் தர வழி உண்டு. வீட்டுக்காரரிடமும் அடுத்த தடவை ஊருக்கு வரும்வரை காத்திருக்காமல் போனிலேயே சொல்லிவிடுங்கள்.

மகளின் கட்டணத்துக்கு வழிகள் இருக்கின்றன. பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இருந்தால், மத்திய தொழிலாளர் நலத்துறையின் கல்வி உதவித்தொகைக்கு தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். மகள் ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். கல்லூரியிலேயே கேட்கச் சொல்லுங்கள். அதற்கும் மேல் குறைந்தால் மட்டும் சங்கிலியை வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ வைத்து, கட்டணத்துக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு மட்டும் வாங்குங்கள். அடகுக் கடையில் இரண்டு வட்டி என்பது ஆண்டுக்கு 24 சதவீதம். வங்கியில் பொதுவாக அதைவிட மிகக் குறைவு. உங்கள் பி.எஃப். பணத்தை இதற்காகத் தொடாதீர்கள்.

கட்டணத்துக்குக் கடைசித் தேதி எது என்று எழுதாமல் விட்டுவிட்டீர்கள். அதை மட்டும் அனுப்புங்கள். தவணையாகக் கட்ட அனுமதி கேட்டுக் கல்லூரி முதல்வருக்கு ஒரு விண்ணப்பம் நானே எழுதித் தருகிறேன்.