பத்மினி நடுரோட்டுல நிக்குது, கான்டெஸா லைட்டு வந்து சேரலை: பழைய கார்க்காரங்க கேள்வி-பதில்

இந்தத் தடவை வந்த கடிதங்கள்ல பழைய கார் வச்சிருக்கவங்க எழுதினதை மட்டும் தனியா எடுத்துக்கிட்டேன். ரொம்ப நீளமா இருந்ததையெல்லாம் சுருக்கியிருக்கேன், கோச்சுக்காதீங்க.

கேள்வி: அப்பாவோட 1994 பத்மினி. காலையில நல்லா ஓடுது, வெயில்ல 20 கிலோமீட்டர் போனதும் திணறி நின்னுடுது. அரை மணி நேரம் நிழல்ல விட்டா மறுபடி ஓடுது. மெக்கானிக் வேப்பர் லாக்னு (பெட்ரோல் சூட்டுல ஆவியாகி வழியை அடைச்சுக்கறது) சொல்லி பெட்ரோல் பம்பை ரெண்டு தடவை மாத்திட்டார், இப்ப கார்பரேட்டரும் புதுசு வேணும்கறார். இதுவரைக்கும் 11,000 ரூபா ஆச்சு. நல்ல கார்பரேட்டர் எங்க கிடைக்கும்? (விழுப்புரம்)

பதில்: கார்பரேட்டர் வாங்காதீங்க. வியாதி என்னன்னு தெரியுற வரைக்கும் ஒரு ரூபா கூட எடுக்காதீங்க.

இந்த "மாத்திப் பாப்போம்"ங்கற வார்த்தையைக் கேட்டாலே எனக்கு வயிறு எரியுது. மாத்திப் பாக்குறது அவர், காசு உங்களது. பம்பு மாத்தியும் வண்டி நின்னா என்ன அர்த்தம், பம்புல கோளாறு இல்லைன்னுதானே அர்த்தம், அப்ப பழைய பம்பைத் திரும்ப மாட்டிட்டு புதுசுக்கு வாங்கின காசைத் திருப்பிக் கொடுத்த பட்டறையை நான் இன்னிக்கு வரைக்கும் பாத்ததில்லை. இதைவிடப் பெரிய நஷ்டம் ஒண்ணு இருக்கு. கழட்டின பழைய பார்ட் காயலான் கடைக்குப் போயிடுது. பத்மினி உற்பத்தி நின்னு கால் நூற்றாண்டு ஆச்சு, அந்தக் காலத்து பம்பு, டிஸ்ட்ரிபியூட்டர் எல்லாம் இனிமே யாரும் அதே தரத்துல செய்யப் போறதில்லை. நல்லா இருந்த சாமானைத் தூக்கிப் போட்டுட்டு சுமாரான சாமானை வண்டியில ஏத்திக்கறோம்.

நான் இதுல பட்டிருக்கேன். என் பத்மினி ஐடில்ல, அதாவது ஆக்சிலரேட்டர் மிதிக்காதப்ப, சீரா ஓடலைன்னு ரீகண்டிஷன் கார்பரேட்டர் ஒண்ணு 6,500 ரூபா கொடுத்து வாங்கினேன். வெளிய பாலிஷ் போட்டு தகதகன்னு இருந்துச்சு, உள்ள த்ராட்டில் ஷாஃப்ட் (ஆக்சிலரேட்டர் மிதிச்சா திரும்புற தண்டு) ஆட்டம், அந்த இடுக்கு வழியா காத்து போய் ஐடில் முன்னைவிட மோசமாச்சு. என்னோட பழையதை எக்ஸ்சேஞ்சுல கொடுத்துட்டேன். ஒரு கேஸ்கெட் கிட்டு போட்டு சுத்தம் பண்ணியிருந்தா அதுவே ஓடியிருக்கும், அதை நினைச்சா இன்னிக்கும் ஆறலை.

சரி, உங்க வண்டிக்கு வருவோம். அடுத்த தடவை நின்ன உடனே, ஆற விடாம, முதல்ல பெட்ரோல் டேங்க் மூடியைத் திறங்க. புஸ்ஸுன்னு காத்து உள்ள இழுத்து, அப்புறம் வண்டி ஓடினா மூடியோட காத்து ஓட்டை அடைச்சிருக்கு, வேலை முடிஞ்சது. இல்லைன்னா ஏர் க்ளீனரைக் கழட்டிட்டு, இன்ஜின் ஆஃப்ல இருக்கும்போது கார்பரேட்டர் வாய்க்குள்ள பாத்துக்கிட்டே த்ராட்டிலைக் கையால தள்ளுங்க. பெட்ரோல் மெல்லிசாப் பீச்சி அடிச்சா கார்பரேட்டருக்கு பெட்ரோல் வருது, பம்பு மேல பழி போடாதீங்க. அப்புறம் ஏர் க்ளீனரை மாட்டிட்டு, சிந்தின பெட்ரோல் காஞ்சதும், ஒரு பிளக் வயரைக் கழட்டி வேற ஸ்பார்க் பிளக்ல சொருகி, பிளக்கோட உடம்பு இன்ஜின் இரும்புல படுற மாதிரி வச்சு, வீட்டுல ஒருத்தரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்க. நீலமா, பளிச்சுன்னு பொறி வரணும். வரலை, இல்ல மஞ்சளா சோகையா வருதுன்னா இக்னிஷன் காயிலோ (பொறிக்கு வோல்டேஜை ஏத்திக் கொடுக்கறது), டிஸ்ட்ரிபியூட்டர்ல இருக்கற கண்டென்சரோதான்.

சூட்டுல நின்னு ஆறினா ஓடுற வண்டியில நான் முதல்ல சந்தேகப்படுறது காயிலைத்தான். உள்ள சுத்தியிருக்கற கம்பி சூட்டுல விட்டுப்போகும், ஆறினா திரும்பச் சேந்துக்கும், அதனாலதான் பட்டறைக்குக் கொண்டு போறப்ப எல்லாம் சரியா இருக்கற மாதிரி தெரியுது. ஒரு சாதாரண மல்டிமீட்டர் வாங்கி, காயில் வயரைக் கழட்டிட்டு சின்ன முனை ரெண்டுக்கும் நடுவுல ஆறினப்ப ஒரு தடவை, நின்ன சூட்டுல ஒரு தடவை பாருங்க. ரெசிஸ்டர் இல்லாத 12 வோல்ட் காயில்னா 3 ஓம் பக்கத்துல காட்டணும், சூட்டுல கொஞ்சம் ஏறும், ஆனா ஒரேயடியா எகிறினா காயில் போச்சு. இதுல மட்டும் தெரியலைன்னா தெரிஞ்சவங்ககிட்ட ஓடுற காயில் ஒண்ணை ஒரு நாளைக்கு இரவல் வாங்கி மாட்டிப் பாருங்க. மாத்திப் பாக்கணும்னா இப்படி, இரவல் சாமான்ல பாக்கணும்.

வேப்பர் லாக் கிடையவே கிடையாதுன்னு சொல்லலை. பம்புக்கும் பிளாக்குக்கும் நடுவுல சூடு தடுக்குற தடிச்ச துண்டு இருக்கணும், ரெண்டு தடவை பம்பைக் கழட்டி மாட்டினதுல அது இருக்கா, எங்கயாவது விழுந்துடுச்சான்னு பாத்துக்குங்க. அந்த ரெண்டு பழைய பம்பையும் பட்டறையில கேட்டு வாங்கிட்டு வந்துடுங்க, அது உங்க சொத்து.

கேள்வி: அம்பாசடர் தெர்மோஸ்டாட்டை (இன்ஜின் சூட்டைப் பொறுத்து ரேடியேட்டருக்குத் தண்ணி விடுற வால்வு) நம்ம ஊர் வெயிலுக்குத் தேவையில்லைன்னு கழட்டிட்டாங்க. சரியா? (கரூர்)

பதில்: சரியில்லை, திரும்பப் போடச் சொல்லுங்க. சூடேறுதுன்னு கழட்டியிருந்தா அடைப்பு ரேடியேட்டர்ல இருக்கும், அதை சுத்தம் பண்ணச் சொல்லுங்க.

கேள்வி: கான்டெஸாவுக்குப் பின்னாடி லைட் செட், புதுசு, பெட்டி பிரிக்காததுன்னு ஃபோட்டோ போட்டிருந்தாங்க. 14,000 ரூபா யுபிஐ-ல அனுப்பினேன். பார்சல்ல லாரி இண்டிகேட்டர் உடைஞ்சது ஒண்ணு வந்துச்சு. அவர் நம்பர் இப்ப எடுக்கறதே இல்லை. அஞ்சு நாள் ஆச்சு. வீட்டுல சொல்லவே வெக்கமா இருக்கு. (தூத்துக்குடி)

பதில்: தம்பி, வெக்கப்பட வேண்டியது அவன். 2002-லயே நின்னுபோன வண்டிக்கு லைட்டு கிடைக்குதுன்னா யாருக்குமே கை பரபரக்கும், அதைத் தெரிஞ்சுதான் இந்த ஆளுங்க வலை விரிக்கறாங்க. முதல்ல வீட்டுல சொல்லிடுங்க, தனியா சுமக்காதீங்க.

இதைப் படிச்ச உடனே 1930-க்கு ஃபோன் பண்ணுங்க, அது பண மோசடிக்கான சைபர் கிரைம் நம்பர். அதே புகாரை தேசிய சைபர் கிரைம் போர்ட்டல்லயும் பதிஞ்சுடுங்க, பேங்க்லயும் எழுத்துல கொடுங்க. காசு அனுப்பின அன்னிக்கே சொல்லியிருந்தா அந்தக் கணக்கை முடக்க வாய்ப்பு அதிகம், அஞ்சு நாள் ஆனாலும் விடாதீங்க. பேசின மெசேஜ், யுபிஐ ரசீது, பார்சல் மேல ஒட்டியிருந்த சீட்டு எதையும் அழிக்காதீங்க, அந்த உடைஞ்ச இண்டிகேட்டரையும் தூக்கிப் போடாதீங்க, அதுவும் சாட்சி. அந்த ஆள் இதையே வியாபாரமா நடத்தறவர்னா மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். 5 லட்சம் ரூபா வரைக்கும் கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்கணும்னு கட்டாயம் இல்லை, ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். அதுக்கு முன்னாடி 1915-க்குப் பேசினா வழி சொல்லுவாங்க, தமிழ்லயே பேசலாம்.

அடுத்த தடவை காசு அனுப்புறதுக்கு முன்னாடி, ஒரு பேப்பர்ல உங்க பேரையும் அன்னிக்குத் தேதியையும் எழுதி சாமான் பக்கத்துல வச்சு வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க, பின்பக்கமும் போல்ட் துளையும் தெரியணும். சாமான் கையில இருக்கறவனுக்கு இது ரெண்டு நிமிஷ வேலை.

கேள்வி: 1979 பத்மினி, புது மெரூன் பெயிண்ட், புது சீட், 2.4 லட்சம் சொல்றாங்க. ஃபோட்டோ பாத்துட்டு 20,000 அட்வான்ஸ் கொடுத்துட்டேன். ஓனர் இறந்துட்டார், பையன் விக்கறார். என்னென்ன பாக்கணும்? (ஈரோடு)

பதில்: இதை அட்வான்ஸ் கொடுக்கறதுக்கு முன்னாடி கேட்டிருக்கணும். மாட்டு சந்தையில கூட பல்லைப் பாத்துட்டுதாங்க காசை எடுப்பாங்க.

புது பெயிண்ட்டைப் பாத்துதான் நானும் 2011-ல ஏமாந்தேன். வண்டி கண்ணாடி மாதிரி இருந்துச்சு. முதல் மழைக்காலம் முடியறதுக்குள்ள கதவுக்குக் கீழ பெயிண்ட் கொப்புளம் கொப்புளமா எழும்பிச்சு, திருப்புளியால குத்தினா உள்ள போகுது, தகடே இல்லை, வெறும் பட்டி (பள்ளத்தை நிரப்பப் பூசுற பசை). டிங்கரிங் செலவு வண்டி வாங்கின விலையைத் தாண்டிடுச்சு. பத்மினிக்குத் தனி சேஸிஸ் கிடையாது, பாடியேதான் வண்டியைத் தாங்குது, அதனால கீழ துரு புடிச்சா அது வெறும் அழகு சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை.

ஒரு சின்ன காந்தத்தை மெல்லிய துணியில சுத்திக்கிட்டு நேர்ல போங்க. கதவுக்குக் கீழ இருக்கற பட்டை, சக்கர வளைவு, டிக்கி தரை, கால் வைக்கிற இடம் எல்லாத்துலயும் வச்சுப் பாருங்க. ஒட்டாத இடம் பட்டி. மேட்டைத் தூக்கிப் பாருங்க, தூக்க விடமாட்டேன்னா கிளம்பிடுங்க. காலையில இன்ஜின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்க, நீங்க வர்றதுக்கு முன்னாடியே சூடாக்கி வச்சிருந்தா இன்னொரு நாள் வரேன்னு சொல்லுங்க.

பேப்பர் விஷயம்: இறந்தவர் பேர்ல இருக்கற ஆர்.சி.யை முதல்ல வாரிசு பேருக்கு மாத்தணும், அதுக்கு ஃபாரம் 31. அதுக்கப்புறம்தான் அவர் உங்க பேருக்கு மாத்துறதுக்கான ஃபாரம் 29, 30-ல கையெழுத்து போட முடியும். பையன் ஒருத்தர் மட்டும்தானா, வேற வாரிசு உண்டான்னு கேளுங்க, மத்தவங்களோட சம்மதம் எழுத்துல இருக்கணும். ஆர்.சி. எந்தத் தேதி வரைக்கும் செல்லும்னு பாருங்க, 15 வருஷத்துக்கு அப்புறம் அஞ்சு அஞ்சு வருஷமா புதுப்பிக்கணும், 20 வருஷம் தாண்டின காருக்கு அந்தக் கட்டணம் 2025 ஆகஸ்ட்ல 10,000 ஆயிடுச்சு, பசுமை வரி தனி. இன்ஜின் நம்பர், சேஸிஸ் நம்பர் ரெண்டையும் நீங்களே குனிஞ்சு பாத்து ஆர்.சி.யோட ஒத்துப் பாருங்க. ஒத்துப் போகலைன்னா அந்த 20,000-ஐக் கேட்டு வாங்கப் பாருங்க, வரலைன்னாலும் மீதி 2.2 லட்சத்தைக் கொண்டு போய்க் கொட்டாதீங்க.

கேள்வி: பிரேக் ஆயில் கொறைஞ்சிருந்துச்சு, ராத்திரி கடை இல்லை, இன்ஜின் ஆயில் கொஞ்சம் ஊத்திட்டேன். இப்ப பிரேக் இறுகிப் புடிக்குது. சுத்தம் பண்ணா போதுமா? (திண்டுக்கல்)

பதில்: போதாது. வண்டியை எடுக்காதீங்க, தள்ளியோ தூக்கியோதான் பட்டறைக்குப் போகணும். இன்ஜின் ஆயில் பட்டா பிரேக் ரப்பர் ஊதிப்போகும். மாஸ்டர் சிலிண்டர் கிட்டு, நாலு வீல் சிலிண்டர் கப்பு, ஹோஸ் எல்லாமே புதுசு போடணும், லைனைக் கழுவணும். டப்பா மேல என்ன எழுதியிருக்குன்னு படிக்காம பிரேக்ல கை வைக்கறவங்க மேல எனக்குக் கோவம் வருது, ஏன்னா அந்த ரோட்டுல மத்தவங்க பிள்ளைகளும் நடந்து போகுது.

கேள்வி: 1985 மாருதி 800, ரொம்ப ஆசையா வச்சிருக்கேன். இப்ப வர்ற 20 சதவீத எத்தனால் பெட்ரோலுக்கு ஏதாவது வாங்கி ஊத்தணுமா? (சேலம்)

பதில்: பாட்டில்ல விக்கறதை வாங்கறதுக்கு முன்னாடி ரப்பர் ஹோஸை மாத்துங்க. டேங்க்லேந்து கார்பரேட்டர் வரைக்கும் எல்லாமே, எத்தனாலைத் தாங்கும்னு எழுதியிருக்கறதா கேட்டு வாங்குங்க. பழைய ஹோஸ் உள்பக்கம் பிசுபிசுன்னு உரியும், அந்தத் துணுக்குதான் கார்பரேட்டர் ஜெட்டை (பெட்ரோல் போற பொடி ஓட்டை) அடைக்குது. எத்தனால் தண்ணிய இழுக்கும், அதனால மாசக்கணக்கா நிறுத்தி வைக்காதீங்க, வாரம் ஒரு தடவை நல்லா ஓட்டுங்க. ஹோஸ்ல கசிவு இருக்கான்னு விரலால தடவிப் பாருங்க, பெட்ரோல் வாடை அடிச்சா அன்னிக்கே பட்டறைக்குப் போங்க.

கேள்வி: பில் இல்லாம வாங்கினா ஜிஎஸ்டி மிச்சம்னு கடைக்காரர் சொல்றார். (மதுரை)

பதில்: பில் போட்டு வாங்குங்க. 2025 செப்டம்பர்லேந்து கார் பார்ட்ஸ் வரி 28-லேந்து 18-ஆ கொறைஞ்சாச்சு, பேரம் பேசணும்னா அதைச் சொல்லிப் பேசுங்க. டூப்ளிகேட் சாமான்னு நாளைக்குத் தெரிஞ்சா உங்க கையில இருக்கற ஒரே ஆயுதம் அந்தக் காகிதம்.

கேள்வி: முதல் தடவையா சென்னை புதுப்பேட்டை பழைய பார்ட்ஸ் கடைகளுக்குப் போறேன். என்ன வாங்கலாம், என்ன வாங்கக் கூடாது? (காஞ்சிபுரம்)

பதில்: கண்ணாடி, கதவு, கைப்பிடி, பம்பர், மீட்டர், ஸ்டீரிங் வீல் இதெல்லாம் வாங்கலாம். பிரேக் சம்பந்தப்பட்டது, ரப்பர், பேரிங், டயர் பழசுல வேண்டவே வேண்டாம், அதெல்லாம் ஜி.பி. ரோடு மாதிரி புது சாமான் கடைகள்ல வாங்குங்க. பழைய பார்ட்டைக் கையோட சாம்பிள் எடுத்துட்டுப் போங்க, வாயால சொன்னா வேற வருஷத்து சாமானைக் கட்டிக் கொடுத்துடுவாங்க. ரெண்டையும் பக்கத்துல வச்சு துளைக்குத் துளை பாத்துட்டு அப்புறம் விலை பேசுங்க.

கேள்வி: தாத்தாவோட ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, நாலு கதவு. முன் சக்கரம் பக்கம் ஸ்டீரிங் இறுகுது, கிரீஸ் அடிச்சும் சரியாகலை. பார்ட்ஸ் இங்கிலாந்துல கிடைக்குமா? (தாம்பரம்)

பதில்: உங்க ஊருக்குப் பக்கத்துல வண்டலூர்ல பொறந்த வண்டி அது, பத்திரமா வச்சிருக்கறதுக்கு உங்க குடும்பத்துக்கு என் நன்றி. நாலு கதவு ஹெரால்டு இந்தியாவுல மட்டும்தான் வந்துச்சு, அதனால பின் கதவு, அதோட கண்ணாடி, பீடிங் எல்லாம் இங்கதான் தேடணும். ஆனா முன் சஸ்பென்ஷன், இன்ஜின் சாமான் பெரும்பாலும் ட்ரையம்ப் ஹெரால்டோடதுதான், இங்கிலாந்துல அதுக்குன்னே கடைங்க இருக்கு. கஸ்டம்ஸ் வரியையும் தபால் செலவையும் சேத்துக் கணக்குப் போட்டுட்டு ஆர்டர் பண்ணுங்க.

ஆர்டருக்கு முன்னாடி அந்த கிரீஸை நிறுத்துங்க. முன் சக்கரத்துக்குக் கீழ பித்தளையில ட்ரனியன்னு ஒண்ணு இருக்கு, சக்கரத்தைத் தாங்குற இரும்புத் தண்டு அதுக்குள்ள மரையில திரும்புது. அதுக்கு கிரீஸ் கிடையாது, 90 நம்பர் கியர் ஆயில்தான் அடிக்கணும். கிரீஸ் அடிச்சா மேல இறுகி நின்னுக்கும், அடி மரைக்குப் போய்ச் சேராது, தண்ணி இறங்கி தண்டு துருப்புடிச்சு, ஒரு நாள் முறிஞ்சா சக்கரம் அப்படியே மடங்கிடும். உங்களுக்கு ஏற்கெனவே இறுகுதுன்னா ஆயில் அடிச்சுட்டு ஓட்டிப் பாக்காதீங்க, கழட்டி தண்டையும் ட்ரனியனையும் சுத்தம் பண்ணி, மரையில தேய்மானமோ குழியோ இருக்கான்னு வெளிச்சத்துல பாருங்க. இருந்தா ரெண்டு பக்கமும் மாத்தணும். இடதுக்கும் வலதுக்கும் மரை வேற வேற, அதனால எந்தப் பக்கம்னு சொல்லி ஜோடியா கேளுங்க.